நூற்றுக்கு நூற்றுப் பதினாறு

மனித நாகரிகத்தின் வரலாறு, மண்ணுக்கடியில் ஏதோ ஒரு விதை முதன்முதலாகக் கண் திறந்த அந்த மகத்தான கணத்தில் தொடங்குகிறது. அரசுகள் வரும், போகும். கோட்டைகள் எழும், இடியும். விதை மட்டுமே நிற்கும்.

இதைப் பால் உற்பத்தியாளர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் மாப்பிள்ளை மேடையேறிச் சொன்னபோது கறவை நேரம் நெருங்கிவிட்டது. அரசுகள் வந்து போவதற்குள் அரங்கில் பாதிப் பேர் போய்விட்டார்கள். கோட்டைகள் இடிந்த சமயத்தில் ஒலிபெருக்கிக்காரர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கடைசிவரை நின்றது விதையும், எழுந்து போக வழியில்லாமல் முன்வரிசையில் மாட்டிக்கொண்ட சிலரும்தான்.

அந்த முன்வரிசையின் நடுவில் சங்கத் தலைவி உட்கார்ந்திருந்தார். சொந்தமாகப் பன்னிரண்டு கறவை மாடு வைத்திருப்பவர். எதையும் எண்ணிப் பார்க்காமல் நம்பிப் பழக்கமில்லாதவர்.

"தம்பி, பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. பனிக்காலத்துல எங்க நிலம் ஐஸ் கட்டி மாதிரி கிடக்கும். அப்ப குதிரைமசால் விதைச்சா முளைக்குமா, முளைக்காதா?"

குதிரைமசாலுக்குப் பெயரில்தான் குதிரை. விரும்பித் தின்பதெல்லாம் மாடு. மும்மூன்று இலையாக விடும் இந்தத் தீவனப் பயிர் கறவை மாட்டுக்குக் கல்யாணச் சாப்பாடு மாதிரி. ஆனால் விதைக்குக் குளிர் ஆகாது. இருபது டிகிரி என்றால் நாலே நாளில் எழுந்து நிற்கும்; ஐந்து டிகிரி என்றால் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடும். "தெரியவில்லை அம்மா, சோதித்துப் பார்த்துச் சொல்கிறேன்" என்று மாப்பிள்ளை சொல்லியிருக்கலாம். ஆனால் மேடை என்பது நாக்குக்கு எண்ணெய் போடுகிற இடம்.

"நூற்றுக்கு நூறு முளைக்கும் அம்மா! நான் கண்டுபிடித்திருக்கும் பரிபூரண ஊடகத்தில், மண்ணுக்கு மாற்றான என் கலவையில், இட்ட விதைக்கு, குளிர் என்று ஒன்று இருப்பதே தெரியாது!"

"அப்படியா? அப்ப மூணு வாரம் கழிச்சு நானே வந்து பாக்குறேன். முளைச்சிருந்தா சங்கத்துக்கு மொத்தமா வாங்கிக்கிறோம்."

இரண்டாவது வரிசையில் இருந்த பெரியவள் மெல்லக் கண்ணை மூடிக்கொண்டாள். அவள்தான் மாப்பிள்ளையின் மனைவி. யாருக்கு மாப்பிள்ளை என்றால், அவள் அப்பாவுக்கு. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அப்பாவின் வீட்டோடு இருப்பதால், கடைக்கு வரும் வாடிக்கையாளர் முதல் எதிர்க்கடைக்காரர் வரை அவரை மாப்பிள்ளை என்றே கூப்பிடுவார்கள்.

கீழே முன்பக்கம் தீவன விதைக் கடை. பின்பக்கம் ஓர் அறை. மாடியில் வீடு. கடையின் முதலாளி அப்பா. கணக்கும் கல்லாவும் தங்கை சின்னவள் பொறுப்பு; மூட்டையில் ஒரு பிடி குறைந்தாலும் அப்பாவிடமே கணக்குக் கேட்பாள். பெரியவள் விதையைச் சோதிப்பவள். எந்த மூட்டை வந்து இறங்கினாலும் அதிலிருந்து நூறு விதை எடுத்து, ஈரமான உறிஞ்சுதாளில் பத்துக்குப் பத்தாக அடுக்கி, இருபது டிகிரியில் வைத்து, முளைத்ததை எண்ணி மூட்டைமேல் எழுதுவாள். அவள் எண்பத்தெட்டு என்று எழுதினால் எண்பத்தெட்டுதான். ஒருமுறை, "எண்பத்தொன்பதை தொண்ணூறுன்னு போட்டா குடியா முழுகிடும்?" என்று அப்பாவே கேட்டார். "முளைக்காததை எண்ண எனக்குத் தெரியாதுப்பா" என்றுவிட்டாள். அதற்குப் பிறகு அப்பா கேட்டதில்லை. ஆனால் அந்தப் பதிலைத் தன் பதிலாகப் பத்து வாடிக்கையாளரிடமாவது சொல்லியிருப்பார்.

அப்பாவுக்குத் தன்னைப் பற்றிய அபிப்பிராயத்தில் எப்போதும் கஞ்சத்தனம் கிடையாது. "இந்தக் கண்ணை மூடிக்கிறேன். ஒரே ஒரு விதையைக் கையில வைங்க. என்ன பயிர், எப்ப அறுத்ததுன்னு சொல்றேன்" என்பார். யாரும் வைத்ததில்லை. விதை வாங்க வந்தவனுக்கு அவசரம் இருக்குமே.

மாப்பிள்ளை நிறையப் படித்தவர். வந்த புதிதில் அப்பா அவரைக் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். ரெண்டு கிலோ விதை கேட்டு வந்தவரிடம், "உங்கள் மண்ணின் தன்மை என்ன?" என்று மாப்பிள்ளை ஆரம்பித்தார். விதைத்தோலின் கடினம், நீர் உறிஞ்சும் வேகம் என்று அவர் விளக்கி முடித்தபோது வந்தவர் எதிர்க்கடையில் ரெண்டு கிலோ வாங்கிக்கொண்டு பஸ் ஏறியிருந்தார். இப்படி நாலைந்து பேரை எதிர்க்கடைக்கு அனுப்பிவைத்த பிறகு அப்பா பின்னறையைக் காட்டி, "மாப்பிள்ளை, உங்க அறிவுக்கு இந்த இடம்தான் சரி" என்றார். கை கழுவியதை மாப்பிள்ளை கௌரவம் என்று எடுத்துக்கொண்டு, கதவில் 'ஆய்வுக்கூடம்' என்று பலகை மாட்டினார்.

ஆய்வுக்கூடத்தின் முதல் சாதனை, முளைக்க அடம்பிடிக்கும் கெட்டித்தோல் விதையைச் சற்றே உரசிவிடுவதற்காகப் பெரியவளின் மிக்ஸியில் போட்டு ஒரு சுற்றுச் சுற்றியது. விதை மாவானது. "மாவு எப்ப முளைக்கும் அத்தான்?" என்று சின்னவள் ஒரு மாதம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கூட்டம் முடிந்து வந்த அன்று சாப்பாட்டு மேசையில் அப்பா தண்ணீர் டம்ளரை ஓசைப்படாமல் வைத்தார். ஓசைப்படாமல் வைத்தால் ஆபத்து என்று அர்த்தம்.

"மாப்பிள்ளை, சங்கம் நமக்குப் பெரிய வாடிக்கை. ஊர் முன்னாடி நூத்துக்கு நூறுன்னு சொல்லிட்டீங்க. சந்தோஷம். முளைச்சா அந்த அறை உங்களுக்கு. முளைக்கலேன்னா எனக்கு மூட்டை அடுக்க இடம் பத்தலை. நீங்க கல்லாவுக்கே வந்துடுங்க."

"கல்லாவுக்கா?" என்று பதறியது சின்னவள். "ஐயோ அப்பா, கடையை மூடணும்னா நேரா மூடிடலாமே!"

"நீ சும்மா இருடி."

மாப்பிள்ளை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பேசாத மாப்பிள்ளையை வீட்டில் யாரும் அதிகம் பார்த்ததில்லை. அவருக்கு அந்த அறைதான் உலகம் என்பது பெரியவளுக்குத் தெரியும். மூட்டைகளுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "ரெண்டு கிலோவா, அஞ்சு கிலோவா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிற அவரை நினைத்துப் பார்த்தாள். அவர் அலட்டல்தான், அளப்புதான். ஆனால் ஒரு முளை தலை நீட்டினால் அவர் முகம் விரிகிறதே, அந்த முகத்துக்காக அவள் மூன்று மிக்ஸிகூடத் தருவாள்.

மறுநாள் சோதனை ஆரம்பமானது. பரிபூரண ஊடகம் என்பது தேங்காய் நார்க் கழிவு, உமிக்கரி, காய்ந்த டீத்தூள் சக்கை, இவற்றோடு நான்காவதாக ஒரு பொருள். அது பரம ரகசியம். அந்த ரகசியம் அறைக்குள் வருமுன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும். மாடு வைத்திருப்பவர்கள் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. மக்கும்போது அது கதகதப்பு விடும், அந்தக் கதகதப்பில் விதை குளிரை மறக்கும் என்பது மாப்பிள்ளையின் சித்தாந்தம்.

ஒரே மூட்டையின் விதை. ஒரு தட்டில் பரிபூரணம், இன்னொன்றில் வெறும் ஆற்றுமணல். தட்டுக்கு நூறு. இரண்டும் பழைய ஜூஸ் கடையிலிருந்து வாங்கிய கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜுக்குள் போயின. ஐந்து டிகிரி. மாப்பிள்ளை பூட்டி, சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"அறிவியலில் சந்தேகத்துக்கு இடமிருக்கக் கூடாது" என்றார்.

"கதவுல ரப்பரே பிஞ்சு தொங்குது அத்தான். சந்தேகம் என்ன, பூனையே போயிட்டு வரும்" என்றாள் சின்னவள்.

பெரியவள் தன் வழக்கப்படி அதே விதையை இருபது டிகிரியிலும் சோதித்தாள். தொண்ணூற்றிரண்டு வந்தது. மிச்சம் எட்டும் கெட்டித்தோல், தண்ணீரே இறங்கவில்லை. ஆக, சொர்க்கத்தில் கொண்டுபோய் விதைத்தாலும் அந்த மூட்டையில் நூற்றுக்கு நூறு வராது. அவள் அதைக் கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் விளக்குவார்.

ஒரு வாரம் போனது. ஃபிரிட்ஜுக்குள் எதுவும் அசையவில்லை. மாப்பிள்ளை காலையில் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்ப்பார், மத்தியானம் பார்ப்பார், சாயங்காலம் பார்ப்பார். மூக்குப் பட்ட இடத்தில் பனி படிந்திருக்கும். பத்து நாள் ஆனது. பரிபூரணத்தில் நாலே நாலு முளை, அதுவும் வரலாமா வேண்டாமா என்ற யோசனையோடு. அன்று அப்பா அளவு நாடாவைக் கொண்டுவந்து பின்னறையின் நீள அகலத்தை அளந்தார். மாப்பிள்ளை நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். மாமனார் பிடிக்கச் சொன்னால் பிடித்துத்தானே ஆக வேண்டும்.

அதைப் பார்த்த பிறகுதான் பெரியவள் ஒரு முடிவுக்கு வந்தாள்.

விதையை முளைக்கவைப்பது அவளுக்குக் கைவந்த வேலை. மாப்பிள்ளையின் பழைய நீலத் துண்டை நனைத்துப் பிழிந்து, அதே மூட்டை விதையைத் தூவி, சுருட்டி, மாடியில் சமையலறை ஃபிரிட்ஜின் முதுகுப்பக்கம் வைத்தாள். உள்ளே குளிர்கிற ஃபிரிட்ஜுக்கு முதுகு எப்போதும் கதகதப்பு. மூன்றாம் நாள் துண்டைப் பிரித்தபோது வெள்ளை வெள்ளையாக வால் விட்டிருந்தன. இன்னும் இரண்டு நாள் விட்டு, இலை விரிந்ததும் எடுத்தாள். மாப்பிள்ளை குளிக்கப் போகும்போது மட்டும் சாவியைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். குளியலறையில் பாட்டு உண்டு. பாட்டு கேட்கிறவரை பயமில்லை.

ஃபிரிட்ஜைத் திறந்து, முளை வராத இடமாகப் பார்த்து இடுக்கியால் ஒவ்வொன்றாக நட்டாள். முளைக்காததை எண்ணத் தெரியாதவள், எண்ணுவதற்காக முளைகளை நட்டுக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து நட்டதும் பாட்டு இரண்டாம் சரணத்துக்கு வந்துவிட்டது. செத்த விதை மண்ணுக்குள் கிடந்து மக்கட்டும் என்று அதைத் தோண்டி எடுக்கவில்லை. அவசரம். அந்த விதையெல்லாம் செத்தது என்று யார் சொன்னார்கள் என்று அவள் யோசிக்கவும் இல்லை.

சாவியை ஆணியில் மாட்டிவிட்டுச் சமையலறைக்கு வந்தால் அப்பா அலமாரியின் முன் நின்றுகொண்டிருந்தார். மூக்கில் கண்ணாடி, கையில் ஒரு டப்பா.

பெரியவளின் அலமாரியில் எல்லாமே பின்னறையிலிருந்து வந்த பழைய மாதிரி டப்பாக்கள். லேபிளைக் கிழிக்க அவளுக்கு நேரம் வந்ததில்லை. 'தீவனச் சோளம்' என்பதில் மல்லி இருக்கும். 'முயல்மசால்' என்பதில் உப்பு. 'குதிரைமசால்' என்பதில் கடுகு. அவளுக்குக் கை போகிற இடம் தெரியும். புதிதாக யாராவது சமைக்க வந்தால்தான் பைத்தியம் பிடிக்கும்.

"என்னப்பா தேடறீங்க?"

அப்பா திடுக்கிட்டு டப்பாவை மூடினார். "ஒண்ணுமில்லம்மா. சும்மா பாத்தேன்."

"சர்க்கரைதானே? டாக்டர் சொன்னது மறந்துபோச்சா? இந்த வயசுல திருட்டுத்தனம் வேறயா?"

"ஒரு சிட்டிகைதாம்மா" என்று அப்பா அசடு வழிந்தபடி வெளியே போனார். சட்டைப்பை சற்றுப் புடைத்திருந்தது. திருட்டுத்தனத்தைப் பற்றிப் பேசத் தனக்கென்ன யோக்கியதை என்று தோன்றியதால் பெரியவள் அதற்குமேல் கேட்கவில்லை.

அடுத்தடுத்த நாட்களில் தட்டு பச்சை பிடித்தது. தான் நட்டதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தெரிகிறதே என்று பெரியவளுக்கு ஒருநாள் பட்டது. சரி, அவர் விதையும் நாலு எழுந்திருக்கும் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டாள். சின்னவளின் அறையில் நகப்பூச்சு துடைக்கும் பஞ்சு பெட்டி பெட்டியாகத் தீர்வதையும், அப்பாவின் பேப்பர் கிழிந்து கிடப்பதையும் கவனித்தாள். அந்த வீட்டில் பேப்பரை அப்பாவைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது. விலை நிலவரப் பக்கத்தை மடிப்புக் கலையாமல் அடுக்கி வைப்பவர் அவர். வயதாகிறது, கிழிக்கிறார், என்று விட்டுவிட்டாள்.

மாப்பிள்ளை மட்டும் நடை மாறிப்போனார். படியில் இரண்டிரண்டாக ஏறினார். "விதைக்குக் குளிர் மறந்துபோச்சு, பாத்தியா?" என்று மனைவியின் தோளைத் தட்டினார்.

"ஆமாங்க" என்றாள் பெரியவள். சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள்.

சொன்னபடி தலைவி வந்தார். செருப்பை வெளியே விட்டு, மூக்கை ஒருமுறை சுளித்து, "ரகசியம் நம்ம வீட்டு ரகசியம் மாதிரியே இருக்கே" என்றபடி ஸ்டூலில் உட்கார்ந்தார். மாப்பிள்ளை இஸ்திரி போட்ட சட்டையில் நின்றார். அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றார். சின்னவள் கல்லாவைப் பூட்டிவிட்டே வந்துவிட்டாள்.

பூட்டு திறந்தது. தட்டு மேசைக்கு வந்தது. பச்சைப் பசேல் என்று இருந்தது. நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது. கறவை நேரத்துப் பால் சொசைட்டி வாசல்கூட அவ்வளவு நெருக்கமாக இருக்காது.

தலைவி கொண்டை ஊசியை உருவி, ஒவ்வொரு முளையாகத் தொட்டு எண்ணத் தொடங்கினார்.

"தொண்ணூத்தெட்டு, தொண்ணூத்தொம்போது, நூறு."

அப்பா கைதட்டினார்.

"இருங்கண்ணே. இன்னும் இருக்கு. நூத்தி ஒண்ணு, நூத்தி ரெண்டு…"

அப்பாவின் கைகள் தட்டிய இடத்திலேயே நின்றன. பெரியவள் சின்னவளைப் பார்த்தாள். சின்னவள் அக்காவைப் பார்த்தாள். இருவரும் சேர்ந்து தரையைப் பார்த்தார்கள்.

"நூத்திப் பதினாறு" என்று முடித்தார் தலைவி. "எத்தனை விதை போட்டீங்க தம்பி?"

"நூறும்மா."

"மாடு ரெட்டைக் கன்னு போட்டுப் பாத்திருக்கேன். விதை போட்டு இப்பதான் பாக்குறேன்."

அப்பாதான் முதலில் வாய் திறந்தார். "மாப்பிள்ளை, அது என்னமோ சொல்வீங்களே, ஒரே விதைக்குள்ள ரெண்டு கரு இருக்கும்னு! அதை அம்மாவுக்கு விளக்கமா சொல்லுங்க!"

இவர் விளக்க ஆரம்பித்தால் நிச்சயம் தப்பித்துவிடுவார். விளக்கிவிடுவாரோ என்றுதான் பெரியவளுக்குப் பயமாக இருந்தது.

மாப்பிள்ளை தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது எலுமிச்சையில வரும், மாமரத்துல வரும் மாமா" என்றார் மெதுவாக. "இதுல இத்தனை வராது."

இடுக்கியை எடுத்து ஒரு முளையைப் பிடுங்கினார். வேரை வெளிச்சத்தில் பிடித்தார். அடுத்ததைப் பிடுங்கினார். சற்று நேரத்தில் அவர் முகத்தில் அந்தப் பழைய வெளிச்சம் வந்துவிட்டது. எதிரில் யார் இருக்கிறார்கள் என்பதே மறந்துபோய்விட்டது.

"இதைப் பாருங்க! வேர் நேரா கீழே இறங்கியிருக்கு, நார் ஒட்டியிருக்கு. இது இங்கேயே முளைச்சது. ஆனா இது… தண்டு வெளுத்து வளைஞ்சிருக்கு. இருட்டுல, நல்ல கதகதப்புல வளர்ந்தது. வேர்ல நூல் சிக்கியிருக்கு. நீல நூல். துண்டுல முளைச்சது! நீலத் துண்டு!" என்று வெற்றியோடு நிமிர்ந்தவர், மனைவியின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

"இன்னொரு வகை இருக்கு" என்றார், இப்போது குரல் இறங்கியிருந்தது. "பஞ்சு ஒட்டியிருக்கு. லேசா நகப்பூச்சு வாசனை."

"எல்லார் வீட்டுலயும்தான் பஞ்சு இருக்கு" என்றாள் சின்னவள் கூரையிடம்.

கடைசியாக ஒன்பது முளை மிஞ்சின. அவற்றின் வேரில் ஈரமான பேப்பர்த் துணுக்குகள். மாப்பிள்ளை அவற்றைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். புருவம் சுருங்கிற்று. எதுவும் சொல்லாமல் ஒரு கிண்ணத்தில் தனியாக வைத்தார்.

பிறகு தன்னுடையதை எண்ணினார். அறுபத்தொன்று. எழுந்து போய், இதுவரை யாரும் திரும்பிப் பார்க்காத மணல் தட்டைக் கொண்டுவந்து அதையும் எண்ணினார். அறுபத்து மூன்று.

"அம்மா" என்றார் தலைவியிடம். "என் ஊடகம் எதுவும் செய்யலை. வெறும் மணலே போதும். குளிருக்கு விதை சாகலை, மெதுவா எழுந்திருக்கு. அவ்வளவுதான்."

அவர் வாழ்க்கையில் நிகழ்த்திய மிகச் சிறிய சொற்பொழிவு அதுதான்.

தலைவி கொண்டையை முடிந்து ஊசியைக் குத்திக்கொண்டார். "அப்ப பனியில விதைக்கலாம், மூணு வாரம் பொறுக்கணும். பாதிக்கு மேல கொஞ்சம் வரும், அதனால விதையைக் கூடப் போடணும். சரியா?"

"சரிம்மா."

"இதைச் சொல்றதுக்கா அன்னிக்கு அத்தனை கோட்டை இடிஞ்சுது?" என்று எழுந்தார். "உங்க பரிபூரணம் எனக்கு வேண்டாம் தம்பி. அது எங்க தொழுவத்துலயே நிறைய இருக்கு. ஆனா சங்கத்துக்கு வாங்குற விதை எதுவா இருந்தாலும் இனிமே இந்த அறைக்கு வந்துட்டுதான் எங்ககிட்ட வரணும். முளைச்சு நிக்கிறதை, இது என்னோடது இல்லைன்னு எடுத்து வைக்கிற ஆளை நான் எங்க போய்த் தேடுவேன்? அண்ணே, அறையைப் பெருக்கி வைங்க. முடிஞ்சா ஜன்னலைத் திறந்து வைங்க."

அப்பா சட்டைப்பையிலிருந்து எட்டிப்பார்த்த அளவு நாடாவை விரலால் உள்ளே தள்ளினார். "அதுக்கென்னம்மா! இந்த அறை மாப்பிள்ளைக்குன்னே ஒதுக்கினதாச்சே!"

தலைவி கடைவாசல் படியிறங்கிப் போனார்.

"என்னங்க" என்றாள் பெரியவள். "உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்ல…"

"நம்பிக்கை சரியான அளவுலதான் இருந்திருக்கு" என்றார் மாப்பிள்ளை. அவர் கண் கலங்கியிருந்தது. டீத்தூள் சக்கை என்று காரணம் சொல்லத் தயாராக இருந்தார், யாரும் கேட்கவில்லை. "என் துண்டு எங்கேன்னு ஒரு வாரமா தேடறேன். பரவாயில்லை. இருபத்தஞ்சு நட்டியே, ஒண்ணுகூட வேர் ஒடியலை."

"என்னது மட்டும் ஒடிஞ்சுதா?" என்றாள் சின்னவள். "ரப்பர் இடுக்குல கையை விட்டு நட்டேன் அத்தான். முழங்கையெல்லாம் விறைச்சுப்போச்சு. எத்தனை விதை மாவாப் போனாலும் பரவாயில்ல, நீங்க கல்லாவுக்கு வந்துடக் கூடாதேன்னு பண்ணேன்."

மூவரும் சிரித்தார்கள். பெரியவள் கணவரின் சட்டையில் ஒட்டியிருந்த நாரைத் தட்டிவிட்டாள். அந்த வீட்டில் எந்தப் பூட்டுக்கும் மாற்றுச் சாவி ஒருவரிடம்தான் இருக்கும் என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது.

"அந்த ஒன்பது?" என்று கேட்டாள்.

மாப்பிள்ளை கிண்ணத்தைத் தயக்கத்தோடு நீட்டினார். வேரில் ஒட்டியிருந்த துணுக்கில் 'விலை நிலவ' என்பது வரை படிக்க முடிந்தது. இலை இரண்டும் நுனியில் பிளந்து இதயம் மாதிரி இருந்தன. குதிரைமசாலின் முதல் இலை அப்படி இருக்காது. சின்னவள் ஒன்றை எடுத்து வாயில் போட்டு மென்றாள். சுருக்கென்று ஏறியது.

"இது கடுகு" என்றாள்.

அப்பா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எவனோ விஷயம் தெரியாதவன் பண்ணியிருக்கான்" என்றார். "என்கிட்ட கேட்டிருந்தா, கண்ணை மூடித் தொட்டே சொல்லியிருப்பேன்."

குதிரைமசால் விதை மஞ்சளாக, சற்று வளைந்து இருக்கும். கடுகு கறுப்பாக, உருண்டையாக இருக்கும். அன்று சமையலறையில் அவர் கண்ணாடி போட்டிருந்தார்.